ஹெர்குலிஸ் சத்தம் கேட்கிறதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாசாயில் என் தாய்மாமன் வீட்டு வாசலில் உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருந்தோம். ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு, தே தாரேக். சிங்கப்பூர்ப் பக்கமிருந்து ஒரு தாழ்ந்த ரீங்காரம் கிளம்பி வந்தது. ஜெட் விமானம் போடும் கூச்சல் இல்லை அது. தம்புராவை யாரோ மேகத்துக்குப் பின்னால் மீட்டுவது போல, ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரே சுருதியில் ஒலித்தது.

மாமா தலையைத் தூக்கவே இல்லை. "ஹெர்க்," என்றார்.

என் அக்கா மகள்தான் எழுந்து போய்ப் பார்த்தாள். சாம்பல் நிறம், உப்பிய வயிறு, மேலே தூக்கிவைத்த இறக்கை, அதில் நான்கு காத்தாடிகள். சி-130 ஹெர்குலிஸ். சிங்கப்பூர் ஆகாயப் படை பாயா லேபார் தளத்தில் வைத்திருப்பவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும்.

"இன்னுமா தாத்தா காத்தாடி வச்ச விமானம் ஓட்டுறாங்க? ஜெட்டு வந்து எத்தனை வருசமாச்சு!"

மாமா 22 ஆண்டுகள் அரச மலேசிய ஆகாயப் படையில் தரைப்பணித் தொழில்நுட்பராக இருந்தவர். சுபாங் தளத்தில் இதே ரக விமானங்களின் எண்ணெய்க் கறை அவர் கையில் பட்டிருக்கிறது. கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "ஜெட்டு போகாத எடத்துக்கு யாரும்மா போறது?" என்றார்.

அக்கா மகளின் கேள்வியிலும் தப்பில்லை. பொலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளோமா முடித்தவள். அவள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் ஒரு கிடங்கு அலுவலக வேலை. சம்பளம் சிங்கப்பூர் வெள்ளியில். இன்னொன்று, விமானப் பராமரிப்புப் பயிற்சி. முதல் சில ஆண்டுகளுக்குக் காசு குறைவு, படிப்பு அதிகம். வீட்டில் எல்லாரும் முதல் வழியையே காட்டிக்கொண்டிருந்தார்கள். ஜொகூர் பாருவில் எந்தக் குடும்பத்தில்தான் இந்தப் பேச்சு நடக்கவில்லை?

அன்று அந்தச் சத்தத்தில் தொடங்கிய பேச்சு மதியம் வரை நீண்டது. நான் வானொலிக்காரன். எதையும் காதால் பிடித்துக்கொள்பவன். அந்தப் பேச்சையும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

ஊதுகுழலும் விசிறியும்

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவைப்போம். ஹெர்குலிஸின் காத்தாடிக்குப் பின்னால் இருப்பது பழைய காலத்துப் பிஸ்டன் இயந்திரம் அல்ல. உள்ளே இருப்பதும் ஜெட் விமானத்தில் இருப்பது போன்ற டர்பைன்தான். காற்றை உள்ளே இழுத்து, அழுத்தி, எரிபொருளோடு எரிக்கிறது. வித்தியாசம் அதற்குப் பிறகுதான். ஜெட் விமானத்தில், எரிந்த வாயு பின்னால் சீறுவதும் முன்னால் இருக்கும் மூடிய விசிறி சுழல்வதும் சேர்ந்து விமானத்தைத் தள்ளுகின்றன. டர்போபிராப்பில், எரிந்த வாயுவின் பலத்தில் பெரும்பகுதி ஒரு தண்டைச் சுழற்றவே செலவாகிறது. அந்தத் தண்டு கியர் பெட்டி வழியாகப் பெரிய புரொப்பெல்லரைச் சுழற்றுகிறது.

எதற்கு இந்தச் சுற்றுவழி? அடுப்பை நினைத்துப் பாருங்கள். ஊதுகுழலால் ஊதினால் கொஞ்சக் காற்று வேகமாகப் போகும், நெஞ்சும் வலிக்கும். சாத்தே கடைக்காரர் விசிறியால் வீசுகிறார். நிறையக் காற்று நிதானமாகப் போகிறது, அவருக்குக் களைப்பும் தெரிவதில்லை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நின்றிருக்கும் ஒரு கிலோ காற்றை ஒரு நொடியில் 100 மீட்டர் வேகத்துக்குத் தள்ளலாம். அல்லது 10 கிலோ காற்றை 10 மீட்டர் வேகத்துக்குத் தள்ளலாம். இரண்டிலும் கிடைக்கும் தள்ளுவிசை ஒன்றே. ஆனால் இரண்டாவது முறையில் காற்றுக்குக் கொடுக்க வேண்டிய ஆற்றல் பத்தில் ஒரு பங்குதான். நிறையக் காற்றைப் பிடிக்க வேண்டுமென்றால் விசிறி பெரிதாக இருக்க வேண்டும். அதனால்தான் ஹெர்குலிஸின் புரொப்பெல்லர் குறுக்களவில் 4.1 மீட்டர்.

செனாயிலிருந்து சுபாங்குக்கு ஏடிஆர் 72 விமானத்தில் போனவர்கள் நம்மில் பலர். சன்னலுக்கு வெளியே ஆறு அலகுகளோடு சுழன்றதே, அதுவும் இதே கணக்குத்தான். குறைந்த தூரத்தில், மிதமான வேகத்தில், ஜெட்டைவிடக் குறைந்த எண்ணெயில் வேலை முடிகிறது.

ஒரே சுருதி ஏன்?

காலையில் கேட்ட அந்தத் தம்புரா ஒலிக்கும் காரணம் உண்டு. சி-130எச் ரகத்தின் டி56 இயந்திரத்தில் டர்பைன் நிமிடத்துக்கு 13,820 முறை சுழல்கிறது. அந்த வேகத்தில் புரொப்பெல்லர் சுழன்றால் அதன் நுனிகள் ஒலியின் வேகத்தைப் பல மடங்கு தாண்டிவிடும். எந்த அலகும் அதைத் தாங்காது. அதனால் கியர் பெட்டி அதை நிமிடத்துக்கு 1,020 சுற்றுகளாகக் குறைக்கிறது. நொடிக்கு 17 சுற்று. நான்கு அலகுகள் என்றால் நொடிக்கு 68 முறை காற்று அடிபடுகிறது. 68 ஹெர்ட்ஸ். சாதாரணமாகப் பேசும் ஆண் குரலுக்கும் கீழே நிற்கும் ஒலி. காதில் விழும் முன்னே சன்னல் கண்ணாடிக்குத் தெரிந்துவிடுகிறது.

விமானி விசையைக் கூட்டினாலும் இந்தச் சுற்று வேகம் மாறுவதில்லை. மாறுவது அலகுகளின் சாய்வுதான். அலகு அதிகம் சாய்ந்தால் அதிகக் காற்றைக் கடிக்கும். விசை வேண்டும் என்றதும் இயந்திரம் வேகம் பிடிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை, அலகு திரும்பினால் போதும். குறுகிய பாதையில் இறங்கும்போது, கடைசி நொடியில் மீண்டும் மேலே தூக்க வேண்டி வந்தால், இந்த உடனடிப் பதில்தான் உயிரைக் காக்கிறது.

அதே அலகை எதிர்ப்பக்கம் திருப்பினால் காற்று முன்னோக்கித் தள்ளப்படும். இறங்கியதும் விமானம் சட்டென்று வேகம் குறையும். தரையில் பின்னாலும் நகரும். லோரி ரிவர்ஸ் எடுப்பது போல. மேலும், புரொப்பெல்லர் தள்ளும் காற்று நேரே இறக்கையின் மேல் பாய்வதால், மெதுவாகப் போகும்போதுகூட இறக்கைக்குத் தூக்குவிசை கூடுதலாகக் கிடைக்கிறது.

"அதோட வடிவத்தப் பாரு," என்று மாமா மேசையிலேயே விரலால் வரைந்து காட்டினார். இறக்கை உயரத்தில் இருப்பதால் காத்தாடிகள் கல்லிலும் மண்ணிலும் படாது. சக்கரங்கள் வயிற்றின் இரு பக்கத்திலும் தடித்த குட்டைக் கால்களில் நிற்கும். சரக்கறையின் தரை, நிலத்திலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரம்தான். லோரி பின்னால் வந்து ஒட்டி நின்றால் மூட்டையை நேராக உள்ளே தள்ளிவிடலாம். வால்பக்கக் கதவு கீழே சாய்ந்து பாதையாகிவிடும், வண்டியையே உள்ளே ஓட்டிப்போகலாம். பளு தூக்கி, படிக்கட்டு எதுவும் அந்த ஊரில் இருக்க வேண்டியதில்லை.

ஹெர்குலிஸ் முதன்முதலில் பறந்தது 1954 ஆகஸ்டு 23-ல். 1963-ல் அமெரிக்கர்கள் இதை ஃபாரஸ்டல் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில், கொக்கி எதுவும் இல்லாமல் இறக்கிக் காட்டினார்கள். 70 ஆண்டுகள் கடந்தும் புதிய ரகம் இன்னும் தயாரிப்பில் இருக்கிறது. மொத்தம் 2,500-க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள்.

நம் நாட்டில் 1976 முதல்

மலேசியாவுக்கு முதல் ஹெர்குலிஸ் விமானங்கள் வந்தது 1976-ல். நடுவில் தென்சீனக் கடல் பிரிக்கும் நாடு இது. சபா, சரவாக்கின் உள்பகுதிகளுக்கு ஆட்களையும் சாமான்களையும் கொண்டுபோக இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது. இன்றும் சுபாங்கிலும் லாபுவானிலும் இவை நிற்கின்றன.

2004 சுனாமிக்குப் பிறகு சுமத்ராவுக்கு நிவாரணப் பொருள்கள் போனது இதில்தான். 2014 மார்ச்சில் எம்எச்370 காணாமல் போனபோது, நம் ஹெர்குலிஸ்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் அருகே தங்கி இந்தியப் பெருங்கடலைத் தேடின. வறட்சியிலும் புகைமூட்டத்திலும் மேகங்களில் உப்பு நீரைத் தூவி மழை வரவைக்கப் பார்ப்பதும் இந்த விமானத்தின் வேலைகளில் ஒன்று. 2015-ல் அணையில் நீர் வற்றி, மாசாயிலும் பாசீர் கூடாங்கிலும் தண்ணீர் பங்கீடு நடந்ததை இந்தப் பக்கத்து வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வாளி வாளியாய்ப் பிடித்து வைத்த நமக்கு, மேகத்துக்குள் விமானம் அனுப்புவது எதற்கென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. 1985-ல் தொடங்கப்பட்ட ஏரோட் நிறுவனம் சுபாங்கிலேயே ஹெர்குலிஸ்களைப் பிரித்துப் பழுது பார்க்கிறது. வெளிநாட்டு விமானங்களும் இங்கே வருகின்றன. "வெள்ளக்காரன் செஞ்ச பறவைக்கு வைத்தியம் பாக்குறது நம்ம ஊரு பசங்க," என்பார் மாமா. அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் ஏறும்.

எட்டு அலகுப் பெரியவன்

ஹெர்குலிஸ் சுமார் 20 டன் தூக்கும். அதைவிடப் பெரிய வாகனம், பெரிய இயந்திரம் என்றால்? அதற்காகத்தான் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து ஏர்பஸ் ஏ400எம் விமானத்தை உருவாக்கின. மலேசியா 2005-ல் நான்கு விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது. முதலாவது 2015 மார்ச்சில் வந்தது, நான்காவது 2017-ல். இந்த ரகத்தை ஏற்றுமதி வழியாக முதன்முதலில் பெற்றுக்கொண்ட நாடு நம்முடையதுதான். சுபாங்கில் 22-ஆவது ஸ்குவாட்ரன் இவற்றை இயக்குகிறது. இதன் சில கலப்புப்பொருள் பாகங்களைச் செய்வது மலாக்காவில், பத்து பெரண்டாமில் உள்ள சிடிஆர்எம் தொழிற்சாலை. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஜொகூரிலிருந்து இரண்டரை மணி நேரம்.

எண்களைப் பாருங்கள். நீளம் 45 மீட்டர். நிரம்பிய நிலையில் எடை 141 டன் வரை. சுமை 37 டன் வரை. ஹெர்குலிஸின் ஒவ்வோர் இயந்திரமும் சுமார் 4,500 குதிரைத்திறன் என்றால், இதில் ஒவ்வொன்றும் சுமார் 11,000. அந்தப் பலத்தைக் காற்றில் செலுத்த நான்கு அலகுகள் போதாது. அதனால் எட்டு. அரிவாள் போல வளைந்த அலகுகள், குறுக்களவு 5.3 மீட்டர். மூன்று ஆள்களின் உயரத்தைக் கூட்டினால் வரும் அளவு.

அந்த வளைவு அழகுக்காக இல்லை. விமானம் வேகமாகப் போகப் போக, அலகின் நுனி சந்திக்கும் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கும். அப்போது சத்தம் கூடும், பலன் குறையும். டர்போபிராப்பின் பெரிய பலவீனமே இதுதான். வளைந்த, மெல்லிய அலகுகள் அந்தத் தொல்லையைத் தள்ளிப்போடுகின்றன. அதனால்தான் ஹெர்குலிஸ் மணிக்கு 540 கிலோமீட்டரில் போக, ஏ400எம் 780 வரை போகிறது.

இன்னொரு சூட்சுமம், ஒரே இறக்கையில் உள்ள இரண்டு புரொப்பெல்லர்களும் எதிரெதிர்த் திசையில் சுழல்கின்றன. நான்கும் ஒரே பக்கம் சுழன்றால் விமானத்தை ஒரு பக்கமாகத் திருகும் விசை பிறக்கும். இப்படிச் செய்தால் அது சமன் ஆகிறது. இயந்திரங்கள் ஒன்றேதான், ஒன்றின் கியர் பெட்டியில் மட்டும் திசை மாற்றும் ஏற்பாடு.

இந்த விமானங்கள் நமக்கு என்ன செய்தன? 2017 செப்டம்பரில் வங்காளதேசத்தின் சிட்டகாங்கிற்கு, ரோஹிங்யா அகதிகளுக்கான உணவும் உடையும் கொண்டுபோயின. 2024 ஆகஸ்டில் எகிப்துக்குப் பறந்து, காஸாவில் காயமடைந்தவர்களும் குடும்பத்தினருமாக 127 பாலஸ்தீனர்களைச் சுபாங்கிற்கு அழைத்து வந்தன. அவர்களில் சிகிச்சை தேவைப்பட்டோர் 41 பேர்.

"சரக்கு விமானம்னு பேரு. ஏத்தி வந்தது உசுருங்கள," என்றார் மாமா.

எல்லாவற்றிலும் பெரியது

ஏ400எம்மையே பெரிது என்றால், சோவியத் காலத்து அன்டோனோவ் ஏஎன்-22-ஐ என்ன சொல்வது? 1965-ல் முதலில் பறந்த அது, இதுவரை கட்டப்பட்ட டர்போபிராப் விமானங்களில் மிகப் பெரியது. இறக்கை விரிவு 64 மீட்டர். எடை 250 டன். சுமை 80 டன். நான்கு இயந்திரங்களில் ஒவ்வொன்றும் 15,000 குதிரைத்திறன். ஒரே மூக்கில் முன்னும் பின்னுமாக இரண்டு புரொப்பெல்லர்கள், எதிரெதிராகச் சுழலும். முன்னது சுழற்றிவிட்ட காற்றைப் பின்னது நேராக்கி மீண்டும் பயன்படுத்தும். 1970-ல் பெருவில் பெரும் நிலநடுக்கம் வந்தபோது, நிவாரணம் ஏற்றிச் சென்ற ஏஎன்-22 ஒன்று அட்லாண்டிக் கடலில் காணாமல் போனது.

பெரிய சுமையைப் பெரிய ஆபத்தில் கொண்டுபோகும் வேலை இது. இந்தியாவிலும் அந்தக் கதை உண்டு. 1962 போரில், நான்கு டர்போபிராப் இயந்திரங்கள் கொண்ட ஏஎன்-12 விமானங்கள், ஏஎம்எக்ஸ்-13 பீரங்கி வண்டிகளை லடாக்கின் சுஷுலில், 4,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில், கொண்டுபோய் இறக்கின. காற்று மெலிந்த இடம். இயந்திரமும் மூச்சுவாங்கும், மனிதனும் மூச்சுவாங்குவான்.

ஒரு கோப்பு அழிந்தால்

இதுவரை வீரக் கதைகள். அக்கா மகளிடம் மாமா சொன்ன முக்கியமான விஷயம் இதற்கு அப்புறம்தான் வந்தது.

2015 மே 9. நம் முதல் ஏ400எம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஸ்பெயினின் செவில் நகரில், புதிதாகக் கட்டிய ஒரு ஏ400எம் சோதனைக்காகக் கிளம்பியது. சிறிது நேரத்தில் நான்கில் மூன்று இயந்திரங்கள் விமானியின் கட்டளையைக் கேட்க மறுத்தன. விமானம் விழுந்தது. இருந்த ஆறு பேரில் நான்கு பேர் இறந்தார்கள். இரும்பில் குறை இல்லை, அலகில் குறை இல்லை. இயந்திரத்தின் முறுக்குவிசையை அளக்கத் தேவையான அளவுத் தரவுகள், தரையில் மென்பொருள் ஏற்றும்போது அழிந்துபோயிருந்தன. அதை யாரும் கவனிக்கவில்லை. மலேசியா உட்பட இந்த ரகத்தை வைத்திருந்த பல நாடுகள் விமானங்களைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தன.

தமிழ்நாட்டுக்கு நெருக்கமான இன்னொரு சம்பவம். 2016 ஜூலை 22-ல் சென்னை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய இந்திய விமானப் படையின் ஏஎன்-32 சரக்கு விமானம் வங்காள விரிகுடாவின் மேல் மறைந்தது. 29 பேர். ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில், சென்னையின் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் அனுப்பிய ஆளில்லா நீர்மூழ்கி, கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படம் பிடித்தது. அத்தனை ஆண்டுகளும் அந்தக் குடும்பங்கள் எப்படிக் காத்திருந்திருக்கும்?

"நான் திருகாணி முடுக்கினா, முடுக்கிட்டேன்னு கையெழுத்துப் போடணும்," என்றார் மாமா. "அதை இன்னொருத்தன் சரிபார்த்து அவனும் போடணும். முடுக்கினது நல்லா ஞாபகம் இருந்தாலும், தாள்ல இல்லைன்னா முடுக்கலைன்னுதான் அர்த்தம். விமானம் கெளம்புற வரைக்கும் எங்க வேலை. அது திரும்பி வர்ற வரைக்கும் எங்களுக்குத் தூக்கம் வராது."

வேலையில் இருந்த காலத்தில் இரவு விமானம் கிளம்பினால் அவர் வீட்டுக்கு வந்தும் ஷூவைக் கழற்ற மாட்டார் என்று அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

இரண்டு வழிகள்

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு எல்லாப் பிள்ளைகளும் விமானப் பராமரிப்புக்குப் போக வேண்டும் என்று சொல்ல வரவில்லை. சிங்கப்பூர்ச் சம்பளத்தில் வீட்டுக் கடன் அடைத்த குடும்பங்களை எனக்கும் தெரியும். விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பாலத்துக்குக் கிளம்பும் நண்பர்களுக்காகத்தான் நான் காலை நிகழ்ச்சியில் பாட்டே போடுகிறேன்.

ஆனால் "காத்தாடி வச்சது பழசு" என்ற எண்ணத்தில் ஒரு துறையையே ஒதுக்கிவிட வேண்டாம் என்பதை மட்டும் சொல்லத் தோன்றுகிறது. புரொப்பெல்லர் இன்னும் இருப்பது மாற்று கிடைக்காததால் அல்ல. நல்ல ஓடுபாதை முடிகிற இடத்திலும் மனிதர்கள் இருக்கிறார்கள். அங்கே அரிசியும் மருந்தும் மருத்துவரும் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. அதற்கு இதைவிட நல்ல வண்டி இன்னும் வரவில்லை. அந்த வண்டியை நம்பகமாக வைத்திருக்கும் கைகள் சுபாங்கிலும் மலாக்காவிலும் இருக்கின்றன. அவற்றில் சில கைகள் நம்முடையவையாகவும் இருக்கலாம்.

அன்று மதியம் கிளம்பும்போது அக்கா மகள் இரண்டு வழிகளில் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. மாமாவும் எதையும் சொல்லவில்லை. உள்ளே போய், அட்டை பிய்ந்த தன் பழைய குறிப்பேடு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் தேதி, வேலை, கையெழுத்து. அவள் வண்டியில் ஏறியதும் அதைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தாள். உலு திராம் வரும் வரை நிமிரவே இல்லை.

போன வாரம் அவளிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பேச்சு எதுவும் இல்லை. பத்து நொடிக்கு ஒரு தாழ்ந்த ரீங்காரம் மட்டும். கடைசியில் அவள் குரல்: "மாமா, ஹெர்க். பாக்காமலே சொல்லிட்டேன்."